வடக்கே சரிந்த ஊர்

வரகுச்செவல் வடக்கே சரிந்தது பங்குனிப் பொங்கல் முடிந்த மறுவாரம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவதற்கு முன்பே அது சரியத் தொடங்கிவிட்டது என்பது கொத்தனார் பொன்னுத்துரைக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஊரிலேயே ரசமட்டம் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கக்கூஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரிசைச் செங்கல் மேல் ரசமட்டத்தை வைத்தபோது, கண்ணாடிக் குழாய்க்குள் நடுவில் நிற்க வேண்டிய குமிழி தெற்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குலுக்கிப் பார்த்தார், வேட்டியில் துடைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், கடைசியில் டவுனுக்கு பஸ் ஏறிப்போய்ப் புதுசாக ஒன்று வாங்கி வந்தும் வைத்துப் பார்த்தார், அதிலும் குமிழி தெற்கே போய்த்தான் நின்றது. போன வருஷம் தன் கையாலேயே கட்டிய நூலகத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினால், குண்டு சுவரின் அடியை விட்டு இரண்டு விரற்கடை தள்ளித் தொங்கியது. முப்பது வருஷமாகக் கோணல் சுவர்தான் கட்டியிருக்கிறோமா என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார்.

ரசமட்டம் அவருக்கு மட்டும் சொன்னதை ஊருக்கெல்லாம் ரசம் சொன்னது. டீக்கடை சங்கையா மகள் கல்யாணப் பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், சாம்பார் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ரசம் ஊற்றியதும் நாற்பது இலையிலும் ரசம் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒரே திசையில் ஓடி, இருபது பேர் மடியில் இறங்கியது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. வடக்குப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள் எங்கள் மடியில் மட்டும் ரசம் விழுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள், எதிர் வரிசைக்காரர்கள் நாங்கள் என்ன சம்மன் அனுப்பியா கூப்பிட்டோம் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டார் இது பெண் வீட்டாரின் ஏற்பாட்டுக் குறை என்றார்கள். கடைசியில் இனி வரகுச்செவலில் எந்த விசேஷத்திலும் ரசத்தை டம்ளரில்தான் ஊற்ற வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ஊர் ஏன் சரிந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜனங்கள் சரிவோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். கட்டிலின் வடக்குக் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள், கிரைண்டருக்குப் பலகை வைத்தார்கள், தோசைக்கல்லுக்கு அடியில் ஓட்டாஞ்சில்லைச் சொருகினார்கள், சொருக மறந்த வீட்டில் தோசை ஒரு பக்கம் ஆப்பமாகவும் மறு பக்கம் அப்பளமாகவும் வந்தது. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் வடகரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் தென்கரைக்காரர்கள் வடகரைக்காரர்களோடு பேச்சை நிறுத்தினார்கள். பஸ் டிரைவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார், திரும்பி வரும்போது முதல் கியரில் முக்கி முனகி வந்து சேர்ந்தார். ஆடுகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை, அவை முன்பும் இப்படித்தான் நின்றன.

மனு எழுதிப் போட்டதில் நான்கு மாதம் கழித்து ஓர் இன்ஜினீயர் மூன்று கால் கருவியோடு வந்தார். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் கருவியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார், சங்கையா கடையில் டீ குடிக்கும்போது கிளாஸ் நழுவாமல் இருக்க அதற்குக் கீழே பென்சிலை முட்டுக்கொடுத்தார், அப்புறம் அதே பென்சிலை எடுத்து, நிலம் சமதளமாக உள்ளது, சரிவு எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பென்சிலை எடுத்ததும் கிளாஸ் மேஜையிலிருந்து போய்விட்டது. உடைந்த கிளாஸுக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், மரியாதையான மனிதர்.

பெரியவர்களை அந்தச் சரிவு ஒன்றும் செய்யவில்லை, அவர்களுக்குக் கனம் இருந்தது. மானாவாரிக் காடு, கோயில் வரி, ரேஷன் கார்டு, பங்காளிச் சண்டை, முழங்கால் வலி என்று ஆளுக்கு ஒரு சுமை இருந்து அவர்களைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவர்கள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. பத்தாவது முடித்த பிள்ளைகள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். மழை தப்பி நான்கு வருஷம் ஆகியிருந்தது, காட்டில் செய்ய வேலை இல்லை, மேலே படிக்க வழி தெரியவில்லை, வீட்டில் உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார்கள், ஆகவே அவர்கள் குழாயடியிலும் ஆலமரத்தடியிலும் பஞ்சாயத்து டி.வி. முன்னாலும் சும்மா நின்றார்கள். நின்ற இடத்தில்தான் சரிவு பிடித்தது.

முதலில் போனவன் சீனிப்பாண்டியின் மகன். பதினேழு வயது. நின்ற வாக்கிலேயே கிளம்பினான், கால் இரண்டும் ஒட்டியிருக்க, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற மாதிரி கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டு, செருப்பு தரையில் உரசி உரசி, கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, டீக்கடையைத் தாண்டும்போது சங்கையாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டே நிமிஷத்தில் மெயின் ரோட்டில் போய் இறங்கினான். பஸ் தயாராக நின்றது. எட்டாம் நாள் திருப்பூரிலிருந்து போன் பேசினான், பனியன் கம்பெனியில் இருப்பதாகவும் இங்கே தரை நேராக இருப்பதாகவும் சொன்னான். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருத்தர், சில வாரம் இரண்டு பேர், ஆணும் பெண்ணுமாகச் சரிந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் பையோடுதான் சரிந்தார்கள். அந்தப் பையை எப்போது கட்டினார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக் கூடாது. ஒரு தாய் மகனைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டினாள், அவன் கயிற்றை அவிழ்த்து ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டுப் போனான். ஒருத்தர் மகளின் பைக்குள் அம்மிக் குழவியை வைத்தார், குழவி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறது. கல்யாணம் பண்ணி வைத்தால் கனம் வந்துவிடும் என்று ஒரு யோசனை பரவி ஒரே ஆவணியில் ஐந்து கல்யாணம் நடந்தது, ஐந்து ஜோடியும் ஜோடி ஜோடியாகச் சரிந்தார்கள். முனியசாமி கோயில் பூசாரி காலில் கட்ட மந்திரித்த கயிறு கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகன் பூசைத்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அந்தம்மாவே டவுனிலிருந்து தினமும் ஏறி வந்து, மூன்றரை மணிக்குச் சரிந்து போகிறவர்தான். ஒருநாள் பலகையில் எழுதிப்போட்டு, அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, எங்க அண்ணன் டவுனுக்குத்தான் டீச்சர் சரிஞ்சான், அதான் கீழ இருக்கு என்றது. டீச்சர் சிரித்தார், அது வேற டவுன் என்று விளக்கத் தொடங்கினார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டப் போனவர் டவுன், டவுன் என்று ஒரே மாதிரி இரண்டு தடவை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். அன்றைக்கு அப்புறம் பாடம் நடக்கவில்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனவர்கள் வந்தார்கள். வருவது லேசாக இல்லை. மெயின் ரோட்டிலிருந்து முட்டியில் கையை ஊன்றி, மூச்சு வாங்க, கடைசிப் பர்லாங்கில் தவழாத குறையாக ஏறி வந்தார்கள். வெள்ளைவெளேரென்று ஷூ போட்டிருந்தார்கள். தாய்மார்கள் முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். மூன்று நாள் தூணையோ கதவையோ பிடித்துக்கொண்டே பேசினார்கள், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், நான்காம் நாள் கையை விட்டார்கள். அடுத்த வருஷம் பாதிப் பேர் ஏறினார்கள். அதற்கடுத்த வருஷம் போன் வந்தது.

சரிவினால் ஊருக்கு ஒரு சௌகரியமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு பிள்ளை வீட்டைவிட்டுப் போனால் தகப்பன் சங்கையா கடை பெஞ்சில் உட்கார்ந்து நிறைய விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது ஒரே வார்த்தையில் முடிந்தது. சீனிப்பாண்டி தன் இரண்டாவது மகனை ஏஜெண்டு ஒருவர் மூலம் வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்குக் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டார், அதை ஊரே பார்த்தது, மறுநாள் டீக்கடையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம கையில என்ன இருக்கு, சரிஞ்சிருச்சு” என்றார், எல்லோரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வீட்டுத் தகப்பன்மார் இதற்கு நேர்மாறாக, நான்தான் அனுப்பி வைத்தேன், நாலு இடம் பார்க்கட்டும் என்று மீசையைத் தடவினார்கள். அதாவது அனுப்பியவர்கள் சரிந்தது என்றார்கள், சரிந்தவர்களின் வீட்டில் அனுப்பினோம் என்றார்கள். இரண்டும் இல்லாத மூன்றாவது பேச்சு அந்தக் கடையில் எழவே இல்லை.

பொன்னுத்துரையின் மகன் மாரிச்செல்வம் போனது ஒரு புதன்கிழமை முற்பகல். அவர் நடுத்தெருவில் ஒரு வீட்டு மாடிக்குச் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். கீழே செருப்பு உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் மகன் போய்க்கொண்டிருக்கிறான். எங்கேடா என்று கத்தினார். அவன் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, நிக்க முடியலப்பா” என்றான், கோபமாகச் சொல்லவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். கரண்டியில் கலவை இருந்தது. அதைச் சுவரில் அப்பித் தேய்த்துவிட்டு இறங்கினார், இறங்குவதற்குள் அவன் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். கலவையைக் கீழே போட்டுவிட்டு இறங்கியிருந்தால் பிடித்திருக்கலாமா என்று அன்றிலிருந்து அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார், நேரம் இல்லை, நேரமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீக்கடையில் மட்டும், நான்தான் அனுப்பி வைத்தேன் என்றார்.

மிச்சம் இருந்தது மகள் காளீஸ்வரி. மகன் போன வருஷம் அவள் தெற்கே அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதி, அங்கே இரண்டாவதாக வந்தாள். பதினொன்றாம் வகுப்பு டவுனில் இருந்தது, டவுனுக்கு வழி சரிவில் இருந்தது, எனவே பொன்னுத்துரை வேண்டாம் என்றார். இவளையும் விட்டுவிட்டால் அந்த வீட்டில் சாப்பிடும்போது யார் முகத்தைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கயிறு கட்டினார்கள், குழவி வைத்தார்கள், பூசாரியிடம் போனார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் கொத்தனார், சரிந்த தரையை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்று ஒருநாள் காலையில் கரண்டியைக் கையில் எடுத்தார்.

பன்னிரண்டு நாள் வேலை பார்த்தார். வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார், பழைய தளத்தைக் கொத்தினார், வடக்குப் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் செங்கலை அடுக்கிச் சல்லி நிரப்பிக் கலவை போட்டு, மட்டப்பலகையை இழுத்து இழுத்து, நாலு மூலைக்கும் நடுவுக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சேர்த்து, வழித்து, மறுபடி பார்த்து, பன்னிரண்டாம் நாள் குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். வடக்கு வாசலில் தெருவுக்கு இறங்க மூன்று படி கட்டினார். காளீஸ்வரியை நடுவீட்டில் நிறுத்தி, நில்லும்மா என்றார். நின்றாள். கால்மணி நேரம் நின்றாள், அசையவில்லை. பொன்னுத்துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஊரிலேயே மட்டமான வீடு கொத்தனார் வீடுதான் என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள், வரகுச்செவலில் அது பெரிய கௌரவமாக இருந்தது. ஜனங்கள் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மாசமாக இருந்த பெண்கள் மதியம் வந்து படுத்து எழுந்து போனார்கள். கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு நாற்பது வயதுக்காரர்கள் வந்தார்கள், ஏனென்றால் ஊரில் வேறெங்கே அடித்தாலும் காயெல்லாம் வடக்குக் குழிக்குள்தான் போனது. எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தளம் போட்டுக் கொடுப்பா என்று கேட்ட எல்லோருக்கும் தை பிறக்கட்டும் என்று பதில் சொன்னார். காளீஸ்வரி வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். உன் அப்பனை மாதிரி ஒரு அப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று வந்தவர்கள் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஊர் நின்றுவிடவில்லை. மாதம் ஒன்றானால் குமிழி மயிரிழை தெற்கே நகர்ந்தது, பொன்னுத்துரை வடக்கே ஒரு பூச்சு ஏற்றினார். அடுத்த மாதம் இன்னொரு பூச்சு. தளம் உயர உயர வடக்குப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலைக்குக் கிட்டே வந்தது, முதலில் அவருக்கு இடித்தது, பிறகு அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு இடித்தது, ஐப்பசியில் காளீஸ்வரியும் வடக்கு ஜன்னல் பக்கம் போனால் குனிந்துதான் நின்றாள். தெருவுக்கு இறங்கும் படி மூன்றிலிருந்து ஐந்தானது. அவள் ஜன்னலோரம் குனிந்து நின்று மெயின் ரோட்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே போகாதேம்மா, தலை இடிக்கும் என்றார்.

பேச்சியம்மாள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, மண்வெட்டியை வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே நுழைகிறவள். ஆரம்பத்திலிருந்தே அவள் இந்தத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஒருநாள் சாயந்திரம் ஆறாவது பூச்சுக்குச் சிமெண்டுச் சாக்கை அவர் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

“எனக்குப் பதினேழு வயசுல எங்க ஊரு என்னைய இங்க சரிச்சு விட்டுச்சு. நல்லா அழுதேன். அன்னைக்கு எந்தக் கொத்தனாரு வந்து எனக்குத் தளம் போட்டான்?”

“அது கல்யாணம்” என்றார் பொன்னுத்துரை.

“ஆமா, அது கல்யாணம்” என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பேச்சியம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். பொன்னுத்துரை முந்தின நாள் போட்ட பூச்சின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரி குளித்துத் தலைசீவி, நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு வந்து நடுவீட்டில் நின்றாள். பையைப் பார்த்ததும் அவருக்குக் கை தானாக நீண்டது, பிடிப்பதற்கு. அவள் சரியவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

“குமிழி நடுவுல நிக்குதாப்பா?” என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் பார்த்தார். “நிக்குதும்மா.”

“நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறம் சரிஞ்சு போயிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீங்க அனுப்புனதாவும் சொல்லக் கூடாது.”

பொன்னுத்துரை ரசமட்டத்தை விட்டுவிட்டு அவளுக்குக் கிட்டே வந்தார். இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டார். அண்ணன் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவது தெரியும்தானே, எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுக்கிறான் என்றார். தளத்தில் குறை இருந்தால் சொல், உடைத்துவிட்டுப் புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்றார். கடைசியாக, பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறேன், தினமும் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போதே ஒன்றரை வருஷம் தாமதம் என்பது அவருக்கே தெரிந்தது.

காளீஸ்வரி பையை இறக்கி வைக்கவில்லை. “சின்னப் பிள்ளையில நீங்க மெட்ராஸ்ல வேல பாத்துட்டு வருவீங்க. வந்து என்னைய மடியில வச்சுக்கிட்டு அந்தப் பத்து மாடியப் பத்திச் சொல்லுவீங்க. கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டேன், கோலிக்குண்ட வச்சா வச்ச எடத்துல நிக்கும்னு சொல்லுவீங்க. அது எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுத்தான்ப்பா நான் வளந்தேன். இந்த ஊரு சரியறதுக்கு முந்தியே எனக்கு அங்க போகணும்னு இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க போட்ட தளம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நிக்கிறதத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லையே. இப்பிடியே எத்தன வருசம் நிப்பேன்?”

மெட்ராஸிலிருந்து வந்து பேசியதெல்லாம் ஒரு களைத்த மனுஷன் மகளைக் குஷிப்படுத்தப் பேசிய பேச்சு, அந்தப் பத்து மாடியில் அவர் ஒருநாள்கூடப் படுத்து எழுந்ததில்லை, வேலை நடக்கும்போது கீழே தகரக் கொட்டகையில்தான் கிடந்தார், கொசுக்கடியில் தூக்கம் வராமல் இந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு கிடந்தார். அதையெல்லாம் இவளிடம் ஒருதடவையும் சொல்லவில்லை. டைல்ஸைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள், தலையில் கூரை இடிக்காமல் பதனமாக நிமிர்ந்தாள், வடக்கு வாசலைத் தாண்டி ஐந்து படியும் இறங்கினாள். தெருவில் கால் வைத்ததும் மற்றவர்களை மாதிரிச் சரிந்துவிடுவாள் என்று அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் சரியவில்லை. முட்டியை மடக்கி, குதிகாலை அழுத்தி ஊன்றி, ஒரு காலை எடுத்து வைத்தாள், அது பிடித்துக்கொண்டதா என்று பார்த்தாள், அப்புறம் அடுத்த காலை எடுத்து வைத்தாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் போன தெருவில் அவள் ஒவ்வோர் அடியாக, சரிவுக்கு ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காமல், நடந்தாள். நடப்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி நடக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

தெருவில் ஜனங்கள் வெளியே வந்தார்கள். பிள்ளை சரிகிற வீட்டுக்காரரிடம் சொல்வதற்கென்று அவர்களிடம் பேச்சு தயாராக இருந்தது, அதைச் சொல்லத்தான் வந்தார்கள். அவள் நடப்பதைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அவர்களுக்கு உதவவில்லை. ஊர் சரிந்தபோது கலங்காதவர்கள், இலையில் ரசம் ஓடியபோது இடத்தகராறு மட்டும் செய்தவர்கள், ஒரு பெண் தன் காலால் நடந்து போவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சீனிப்பாண்டி தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு வீடாக அவள் தாண்டத் தாண்டக் கதவுகள் சாத்திக்கொண்டே வந்தன, பூசாரி மட்டும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத கையோடு கோயில் வாசலில் நின்றார்.

மெயின் ரோடு போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். பொன்னுத்துரை படியில் நின்றார். இருபது நிமிஷத்தில் எவ்வளவோ செய்யலாம். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம், முன்னால் போய்க் குறுக்கே நிற்கலாம், ஒரு குரல் கொடுத்தால்கூடப் போதும், அவள் நின்றுவிடுவாள், அப்பா கூப்பிட்டு நிற்காத பிள்ளை இல்லை அவள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். காளீசு என்று பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டார். அப்போதுதான், அந்தத் தெருவில் நின்றால் அவள் சரிந்துவிடுவாள் என்பது அவருக்கு நினைவு வந்தது.

அவள் நடந்துகொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.